ஊட்டியில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும்: 15 கிலோ ஸ்ட்ராபெர்ரியைப் பாழாக்கிய கதை

வங்கி வேலையில் ஊட்டிக்கு மாற்றல் வந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. குடும்பம் கரூரில். நான் மட்டும் இங்கே ஒரு வாடகை வீட்டில், ஒரு ஒற்றை அடுப்பு, ஒரு குக்கர், இரண்டு பாத்திரம் என்று இருந்தேன். போன ஏப்ரலில் அக்கா மகளுக்கு வளைகாப்பு என்று தேதி குறித்தார்கள். தாய்மாமன் என்ற முறையில் செய்ய வேண்டிய சீர் தனி. அதற்கு மேலே எனக்கு ஒரு ஆசை. வருகிறவர்களுக்குக் கொடுக்கும் தாம்பூலப் பையில் தேங்காயோடு ஒரு சின்ன பாட்டில் ஸ்ட்ராபெர்ரி ஜாம், அதுவும் ஊட்டியில் நானே கிண்டியது, போட்டுக் கொடுத்தால் எப்படி இருக்கும்? போனில் அக்காவிடம் சொல்லியும் விட்டேன். "35 பாட்டில் என் பொறுப்பு, நீ கவலைப்படாதே." இன்றைக்கும் அந்த வாக்கியத்தை நினைத்தால் காது சூடாகிறது.

எனக்குச் சமையல் தெரியாது என்று இல்லை. அம்மா களாக்காய் ஊறுகாய் போடும்போது காம்பு கிள்ளி, பால் போகக் கழுவிக் கொடுத்து வளர்ந்தவன். தீபாவளிக்கு அதிரசப் பாகு கிண்டியிருக்கிறேன். அந்தத் தைரியத்தில்தான் இறங்கினேன். மார்ச் கடைசியில் கோத்தகிரி பக்கம் ஒரு தோட்டத்தில் இரண்டாம் தரப் பழம், அதாவது சின்னது, கோணலானது, கிலோ 180 ரூபாய்க்குக் கிடைத்தது. 15 கிலோ வாங்கினேன், 2,700 ரூபாய். 200 கிராம் பிடிக்கும் கண்ணாடி பாட்டில் மூடியோடு 60, ஒன்று 16 ரூபாய். கோயம்புத்தூரில் ஒரு கடையில் 450 ரூபாய்க்குச் சமையல் தெர்மாமீட்டர் ஒன்று. அதுதான் எனக்குப் பெருமை. கையால் பதம் பார்ப்பது பழைய காலம், நான் டிகிரி பார்த்து இறக்கப் போகிறேன் என்று நினைப்பு.

முதல் நாள், சனிக்கிழமை. 6 கிலோ பழம், 5 கிலோ சர்க்கரை, பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய பெரிய அலுமினியக் குண்டா. வீடியோவில் சொன்ன குறிப்பு தெளிவாக இருந்தது: 105 டிகிரி வந்ததும் இறக்கவும். நானும் தெர்மாமீட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். 95 வந்தது. 97 வந்தது. அங்கேயே நின்றது. பொங்கிப் பொங்கி நுரை தள்ளுகிறது, நிறம் சிவப்பிலிருந்து செங்கல் நிறம் ஆகிறது, வாசனையும் மாறுகிறது, டிகிரி மட்டும் ஏற மாட்டேன் என்கிறது. ஒரே அடுப்பில் 11 கிலோ கொதிப்பது என்றால் சும்மாவா? கிட்டத்தட்ட இரண்டரை மணி நேரம் கிண்டினேன். கையில் தெறித்து மூன்று இடத்தில் கொப்புளம். கடைசியில் 105 வந்தது. வெற்றி என்று இறக்கி, அவசரமாகப் பாட்டிலில் ஊற்றினேன். குளிர்ந்த பாட்டிலில் கொதிக்கக் கொதிக்க ஊற்றியதில் இரண்டு 'டிக்' என்று விரிசல் விட்டன. பன்னிரண்டு பாட்டில் நிரப்பியதும் பதிமூன்றாவதுக்குக் கரண்டி வரவில்லை. பானைக்குள் இருந்தது ஜாம் இல்லை, கமர்கட். ராத்திரி ஒரு பாட்டிலில் ஸ்பூனை விட்டேன், ஸ்பூன் வளைந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி, எனக்குப் பின்னால் புரிந்ததை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஜாம் இறுகுவது சூட்டால் இல்லை, அதில் இருக்கும் சர்க்கரையின் அடர்த்தியால். நூற்றுக்கு 65 பங்கு சர்க்கரை என்ற நிலைக்கு வரும்போது, தண்ணீர் கொதிக்கும் சூட்டைவிட 4, 5 டிகிரி அதிகத்தில் ஜாம் கொதிக்கும். கடல்மட்டத்தில் தண்ணீர் கொதிப்பது 100, ஆகவே ஜாம் 104, 105. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏறக்குறைய ஒவ்வொரு 300 மீட்டருக்கும் ஒரு டிகிரி குறைகிறது, ஆக இங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அப்படியென்றால் என் ஜாம் 97-லேயே முடிந்துவிட்டது! தெர்மாமீட்டர் 97-ல் நின்று அடம் பிடித்ததாக நான் நினைத்த நேரம்தான் இறக்க வேண்டிய நேரம். அதற்கு மேல் நான் 105 வரை ஏற்றியது, சமவெளிக் கணக்கில் 112 டிகிரி. அது மிட்டாய்க்கான உருட்டுப் பதம். தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு உருட்டிப் பார்த்திருந்தால் அதிரசம் கிண்டிய கை அதைக் கண்டுபிடித்திருக்கும். கொடைக்கானல், ஏற்காடு, மூணாறு, வால்பாறை என்று மலைமேல் யார் ஜாம் கிண்டினாலும் முதலில் வெறும் தண்ணீரைக் கொதிக்கவிட்டுத் தெர்மாமீட்டரை அதில் வைத்துப் பாருங்கள். அது காட்டும் எண்ணோடு 4 அல்லது 5 கூட்டிக்கொள்ளுங்கள். குறிப்பில் போட்டிருக்கும் எண்ணை மறந்துவிடுங்கள்.

நானும் அந்தச் சோதனையைச் செய்தேன், ஆனால் தப்பாகப் புரிந்துகொண்டேன். ஞாயிறு காலை கொதிக்கும் தண்ணீரில் வைத்தேன், 93 காட்டியது. "கொதிக்கிற தண்ணி 100 டிகிரி, இது 93 காட்டுது, ஓட்டைத் தெர்மாமீட்டர்" என்று முடிவு கட்டித் தூக்கி ஓரமாகப் போட்டேன். பத்தாம் வகுப்பில் படித்தது பரீட்சையோடு போய்விட்டது போலிருக்கிறது. ஒன்றரை வருடமாக இதே ஊரில் குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது என்று தெரிந்தும் இரண்டையும் முடிச்சுப் போடத் தோன்றவில்லை.

இரண்டாவது சுற்று. பயம் வந்தவன் எதிர்த் திசையில் ஓடுவான் இல்லையா, நானும் ஓடினேன். இன்னொரு 6 கிலோ பழம். இந்த முறை கமர்கட் ஆகக் கூடாது, அதோடு சொந்தத்தில் பாதிப் பேருக்குச் சர்க்கரை வியாதி, எனவே சர்க்கரை இரண்டரை கிலோ மட்டும் போட்டேன். கொதி வந்து அரை மணி நேரத்தில் இறக்கிவிட்டேன். குழம்பு மாதிரி இருந்தது, ஆறினால் கெட்டியாகும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். பாட்டிலில் ஊற்றி, மூடி, தலைகீழாகக் கவிழ்த்து வைத்தேன். அப்படிக் கவிழ்த்தால் மூடி தானாகக் காற்றுப் புகாமல் இறுகும் என்று அந்த வீடியோவில் சொன்னார்கள். 36 பாட்டில் தேறியது.

சர்க்கரையைக் குறைத்தது நல்ல எண்ணம்தான். ஆனால் ஜாமில் சர்க்கரை இனிப்புக்காக மட்டும் இல்லை, அதுதான் உப்புக்கண்டத்தில் உப்பு செய்யும் வேலையைச் செய்கிறது. தண்ணீரைத் தன்னோடு கட்டிப் போட்டு, ஈஸ்டும் பூஞ்சையும் குடிக்க விடாமல் பிடித்து வைக்கிறது. பாதியாகக் குறைத்தால் அது இனிப்பான பழக்கூழ், ஃபிரிட்ஜில் வைத்து இரண்டு மூன்று வாரத்தில் தின்று தீர்க்க வேண்டிய பண்டம். கவிழ்த்து வைக்கும் வேலையும் ஏமாற்று. மூடி ஒட்டும், ஆனால் ஜாமுக்கும் மூடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட காற்றில் இருக்கும் கிருமி சாகாது. நிரப்பி மூடிய பாட்டிலை, மூடிக்கு மேல் ஒரு அங்குலம் தண்ணீர் நிற்கும்படி முழுக வைத்துக் கொதிக்க விட வேண்டும். அடியில் ஒரு துணியோ தட்டோ போட வேண்டும், இல்லாவிட்டால் பாட்டில் உடையும். அமெரிக்க வேளாண் துறை வெளியிட்டிருக்கும் வீட்டுப் பதப்படுத்தல் வழிகாட்டியில் உயரத்துக்கு ஏற்ற கணக்கே இருக்கிறது: ஜாமுக்குத் தரைமட்டத்தில் 5 நிமிடம், 1,000 அடிக்கு மேல் 10, 6,000 அடிக்கு மேல் 15. ஊட்டி 7,300 அடிக்கு மேல். இந்த 5 நிமிடம் என்பதும் காலி பாட்டிலை முதலிலேயே கொதிநீரில் போட்டு எடுத்திருந்தால்தான். அதற்கு 10 நிமிடம், உயரம் கூடும்போது ஒவ்வொரு 1,000 அடிக்கும் ஒரு நிமிடம் கூடுதல். நான் பாட்டில்களைச் சோப்புப் போட்டுக் கழுவி வெயிலில் காய வைத்தேன், அவ்வளவுதான்.

மிச்சம் 3 கிலோ பழம். அக்கா மகள் போனில் "மாமா, புளிப்பா, காரமா ஏதாச்சும் கொண்டு வாங்க" என்றாள். கர்ப்பிணி கேட்டால் மறுப்போமா? 2 கிலோவை அம்மாவின் பூண்டு ஊறுகாய் முறையில் போட்டேன். நல்லெண்ணெய், முழுப் பூண்டு ஒரு கை, மிளகாய்த்தூள், வறுத்துப் பொடித்த கடுகு, வெந்தயம். பழமே புளிக்குமே என்று எலுமிச்சையும் புளியும் விட்டுவிட்டேன். உடம்புக்கு ஆகாது என்று உப்பையும் குறைத்தேன். ஐந்து பாட்டில். கடைசி ஒரு கிலோ, பாதி பழுத்து வெள்ளை ஓடிய கெட்டிக்காய். அதை என்ன செய்வதென்று தெரியாமல் முழுசாக வினிகரில் போட்டேன், அதுவும் ஒரு ஐந்து பாட்டில். அதை மட்டும் ஊட்டியிலேயே ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, மற்றதை அட்டைப்பெட்டியில் கட்டிக்கொண்டு புதன்கிழமை பஸ் ஏறினேன்.

கரூரில் இறங்கிப் பெட்டியைத் திறந்தபோது எனக்கு நடந்த ஏமாற்றம்தான் இந்தக் கதையிலேயே வினோதமானது. 36 மூடியிலும் நடுவில் இருக்கும் பட்டன் அழகாக உள்ளே அமுங்கியிருந்தது. கடையில் வாங்கும் ஜாம் மாதிரியே. அக்காவை அழைத்துக் காட்டினேன், "பாரு, ஃபேக்டரி சீல் மாதிரி." உண்மை என்ன தெரியுமா? மலைமேல் காற்றழுத்தம் குறைவு. அங்கே மூடிய பாட்டிலுக்குள் அந்தக் குறைந்த அழுத்தம்தான் இருக்கும். கீழே இறங்கியதும் வெளிக்காற்று மூடியை அழுத்தி உள்ளே தள்ளிவிடும். ஊட்டிக்கு ஏறும்போது சிப்ஸ் பாக்கெட் உப்புமே, அதே சங்கதி தலைகீழாக. மலையில் வெறும் தண்ணீரை ஊற்றி மூடிக் கொண்டுவந்திருந்தாலும் பட்டன் அமுங்கித்தான் இருந்திருக்கும். அதனால் மலையில் பாட்டில் போடுகிறவர்கள் மூடியின் பட்டனை மலையிலேயே சோதித்துவிட வேண்டும். கொதிநீரிலிருந்து எடுத்து, அசைக்காமல் ஒரு நாள் முழுக்க ஆற விட்டு, நடுவில் விரலால் அழுத்திப் பாருங்கள். கிளிக் என்று அசைந்தால் அது ஒட்டவில்லை, அந்த பாட்டில் ஃபிரிட்ஜுக்குப் போக வேண்டியது.

ஒன்பது நாள் அந்தப் பெட்டி அக்கா வீட்டு மாடி அறையில் இருந்தது. கரூர், ஏப்ரல், தகர ஷீட் போட்ட மாடி. வளைகாப்பு அன்று காலை ஆறு மணிக்குப் பை போட உட்கார்ந்தோம். அக்கா ஒரு பாட்டிலை எடுத்து, "என்னடா மூடி வீங்கியிருக்கு?" என்றாள். ஒன்றைத் திருகினேன். புஸ் என்று சீறி, சிவப்பு நுரை என் வேட்டியில் வழிந்தது. கள் வாசனை. அடுத்ததும் அப்படியே. ஏழெட்டில் மேலே சாம்பல் நிறப் பூஞ்சை படர்ந்திருந்தது. மேலாக வழித்துவிட்டுக் கொடுத்தால் என்ன என்று கூட ஒரு நொடி நினைத்தேன், வெட்கமாகத்தான் இருக்கிறது சொல்ல. பூஞ்சை வேர் விடுவது கண்ணுக்குத் தெரியாது, அதன் நஞ்சு உள்ளே இறங்கியிருக்கலாம், வழித்து எறிவதில் பயனில்லை. அக்கா ஒன்றும் பேசவில்லை. பெட்டியை நகர்த்தி வைத்துவிட்டு அத்தானைக் கடைக்கு அனுப்பி 35 எவர்சில்வர் டம்ளர் வாங்கிவரச் சொன்னாள். 2,100 ரூபாய், நான்தான் கொடுத்தேன். ஆனால் பந்தியில் யாரோ ஒரு பெரியம்மா "ஊட்டி ஜாம்னு சொன்னாங்களே?" என்று கேட்டபோது அக்கா என் முகத்தைப் பார்க்காமல் "பஸ்ல ஒடஞ்சு போச்சுங்க" என்று சொன்னாளே, அது எந்தக் கணக்கிலும் வராது.

இதுகூடப் பரவாயில்லை. உண்மையான பயம் அடுத்த வாரம் வந்தது. ஊட்டிக்குத் திரும்பியபின் ஏன் நுரைத்தது என்று ராத்திரி உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். படித்துக்கொண்டே போனதில் எண்ணெயில் போட்ட பூண்டு பற்றி வந்தது. பாட்டுலிசம் என்ற நச்சு நோய். அதை உண்டாக்கும் கிருமி மண்ணில் இருப்பது, பூண்டு மண்ணுக்குள் விளைவது. அதன் வித்துகள் கொதிநீரில் சாகாது, 116 டிகிரிக்கு மேலே பிரஷரில்தான் சாகும். காற்று இல்லாத, புளிப்பு இல்லாத, ஈரமான இடம் கிடைத்தால் முளைத்து விஷம் கக்கும். பி.எச். அளவு (புளிப்பு கூடக் கூட இந்த எண் குறையும்) 4.6-க்குக் கீழே இருக்கும் அளவு புளிப்பு இருந்தால் முளைக்காது. ஸ்ட்ராபெர்ரி தன்னளவில் 3-லிருந்து 4-க்குள், அது பிழைத்துக்கொள்ளும். பூண்டு அப்படி இல்லை. எண்ணெய் அதைச் சுற்றிக் காற்றையும் அடைத்துவிடுகிறது. எலுமிச்சை இல்லை, புளி இல்லை, உப்பு குறைவு. நிறம், வாசனை, ருசி எதிலும் மாற்றம் தெரியாமல் இருக்கலாம் என்று படித்தபோது மணி பதினொன்று. அந்த பாட்டில் ஒன்று அக்கா மகள் கையில்.

அந்நேரத்துக்குப் போன் வந்தால் வயிற்றுப் பிள்ளைக்காரி இருக்கும் வீட்டில் எப்படிப் பதறுவார்கள்! அக்கா எடுத்து, "யாருக்கு என்னாச்சு?" என்றாள். விஷயத்தைச் சொன்னேன். அக்கா மகள் இரண்டு நாள் தயிர் சாதத்துக்குத் தொட்டுச் சாப்பிட்டிருக்கிறாள். மறுநாள் காலையில் மருத்துவரிடம் போனார்கள். கண் இரண்டாகத் தெரிவது, இமை தொங்குவது, விழுங்க முடியாமல் போவது, இதில் எது வந்தாலும் உடனே வர வேண்டும், பெரும்பாலும் 12-லிருந்து 36 மணி நேரத்தில் தெரியும், சில சமயம் நாள் கழித்தும் வரலாம் என்று சொல்லி அனுப்பினார். பத்து நாள் தினமும் காலையும் மாலையும் போன் செய்து "கண்ணு நல்லாத் தெரியுதா?" என்று கேட்டேன். அவள் சிரிப்பாள். எனக்குத் தூக்கம் இல்லை. ஒன்றும் ஆகவில்லை. ஒருவேளை அந்த பாட்டிலில் ஒன்றுமே இருந்திருக்காது. ஆனால் இருக்க இடம் கொடுத்து நானே கையால் போட்டேன் என்பதுதான் உறுத்தியது. மிச்சம் நான்கு பாட்டிலையும் திறக்காமலே கட்டிக் குப்பையில் போடச் சொன்னேன். அம்மா காலத்தில் யாருக்கு என்ன வந்தது என்று கேட்பவர்களுக்கு ஒன்று: அம்மா கை நிறைய உப்பும் புளியும் போட்டாள். உடம்புக்கு நல்லது என்று அதைக் குறைத்தவன் நான்.

எல்லாம் அடங்கியபின் தெர்மாமீட்டரைத் திருப்பிக் கொடுக்கக் கோயம்புத்தூர் கடைக்குப் போனேன். சண்டை போடும் உத்தேசம்தான். கல்லாவில் இருந்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கெட்டிலில் தண்ணீர் கொதிக்க வைத்து உள்ளே விட்டார். 98 தாண்டி நின்றது. "ஏனுங் சார், எங்க வச்சுப் பாத்தீங்க? ஊட்டியிலயா? அப்பச் சரியாத்தானுங்க காட்டியிருக்குது." டீ வாங்கிக் கொடுத்தார். அந்த டீ குடித்து முடிப்பதற்குள் சனிக்கிழமை முழுவதும் மனதில் திரும்ப ஓடியது.

கணக்கு வேண்டுமானால்: பழம் 2,700, பாட்டில் 960, சர்க்கரை 345, சிலிண்டர் சுமார் 850, தெர்மாமீட்டர் 450, எண்ணெய் வினிகர் சில்லறை 500, டம்ளர் 2,100. மொத்தம் 7,905 ரூபாய். இரவல் குண்டாவில் அடிப்பிடித்துக் கறுத்ததைத் தேய்த்தது தனி. புளிப்புப் பழத்தை அலுமினியத்தில் மணிக்கணக்கில் கொதிக்க விடவே கூடாதாம், எவர்சில்வர்தான். தேறியது என்ன? அந்த யோசிக்காமல் போட்ட வினிகர் பாட்டில் ஐந்து. கெட்டிக்காய் உடையாமல், புளிப்பும் இனிப்புமாக, அபாரமாக இருந்தது. ஒன்று கவனிக்க வேண்டும்: வெளிநாட்டுக் குறிப்புகள் 5 சதவீத வினிகரை வைத்து எழுதப்பட்டவை, நம் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் 4 சதவீதம். அதில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலக்கச் சொன்னால் கலக்காதீர்கள். நான் தண்ணீரே விடாமல், அரை லிட்டர் வினிகருக்கு 200 கிராம் சர்க்கரை, இரண்டு ஸ்பூன் உப்பு, கொஞ்சம் மிளகு, பட்டை போட்டுக் கொதிக்க வைத்து ஊற்றினேன். ஃபிரிட்ஜில்தான் வைக்கிறேன், வெளியில் வைக்கும் துணிச்சல் இல்லை.

இந்த மார்ச்சில் திரும்பவும் ஜாம் கிண்டினேன், ஒரு கிலோ மட்டும். அதற்கு மேல் ஒரே தடவையில் போட்டால் வற்றுவதற்குள் பெக்டின், அதாவது சர்க்கரையோடு சேர்ந்து ஜாமை இறுக வைக்கும் பழத்தின் பசை, சிதைந்து நிறமும் போய்விடும். ஸ்ட்ராபெர்ரியில் பெக்டின் ஏற்கெனவே கம்மி. 800 கிராம் சர்க்கரையில் ராத்திரி ஊற வைத்து, இரண்டு எலுமிச்சை பிழிந்து, அகலப் பாத்திரத்தில் பெருந்தீயில் வைத்தேன். டிகிரியை நம்பாதவர்களுக்கு எந்த ஊரிலும் செல்லும் வழி தராசு: காலிப் பாத்திரத்தை முதலில் நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். ஒரு கிலோ பழமும் 800 சர்க்கரையும் வற்றி 1,350 கிராமுக்கு வந்தால் 65 சதவீதம் வந்துவிட்டது என்று அர்த்தம். ஃபிரிட்ஜில் வைத்த தட்டில் ஒரு சொட்டு விட்டு விரலால் தள்ளினேன், சுருங்கியது. தராசில் 1,340. தெர்மாமீட்டரில் 97. பாட்டிலைச் சூடாக வைத்து, விளிம்பில் கால் அங்குலம் விட்டு நிரப்பி, துடைத்து, புது மூடி போட்டு, 15 நிமிடம் முழுக வைத்தேன். ஆறு பாட்டில் வந்தது. நான்கு கரூருக்குப் போயிருக்கிறது. அக்கா ஒன்றைத் திறப்பதற்கு முன் காதருகே வைத்து மூடியை மெல்லத் திருகிப் பார்த்தாள், சத்தம் வருகிறதா என்று.

பழைய பாட்டிலில் கழுவித் தேறியது ஐம்பதுக்கு மேல் பரணில் கிடக்கிறது. மூடிதான் ஒரு தடவைக்கு மேல் ஆகாது.